நன்றியுரைக்கு மட்டும் அழைக்கப்பட்ட அக்காவுக்கு

என் செல்ல அக்கா சுகந்திக்கு,

நீங்கள் போனபிறகு நடக்கும் முதல் தொழில்நுட்ப மாநாடு இது. நாளைக் காலை கிளிநொச்சியில் தொடங்குகிறது. இம்முறை பேச்சாளர்களைத் தெரிவுசெய்யும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். ஒரு பெண்ணாவது குழுவில் இருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அவசரப்படாதீர்கள், கதையை முழுதாகக் கேளுங்கள்.

ஜெயபுரத்திலிருந்து துளசி என்றொரு பிள்ளை பேச வாய்ப்புக் கேட்டிருந்தாள். குளத்தில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பதை வயல் செய்யும் கமக்காரருக்குத் தொலைபேசியில் குரலாகச் சொல்லும் செயலியைத் தனியாகச் செய்திருக்கிறாள். வந்தவற்றில் அதுதான் திறம். அவளுக்கு நேரம் பின்னேரத்தில் விழுந்தது. உடனே நான் வாய் திறந்தேன்.

“பாவம் பிள்ளை, பின்னேர பஸ்ஸை விட்டால் ஜெயபுரத்துக்கு எப்பிடிப் போறது? பேச்சுக்குப் பதிலா அவளுக்கு நன்றியுரையைக் குடுப்பம்.”

“ஓம் ஓம், அவள் வடிவாச் சொல்லுவாள்” என்றார் குழுத் தலைவர் ரவி அண்ணா. மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஏதோ நல்ல காரியம் செய்த நினைப்போடு வீட்டுக்குப் போனேன் அக்கா.

நேற்று துளசி தொலைபேசி எடுத்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“அக்கா, எல்லாரும் பேசி முடிஞ்சாப் பிறகுதானே நன்றியுரை? அதுக்கு மட்டும் பஸ் நிக்குமோ? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால், எங்கட வீட்டு அண்ணா வந்து ஏத்துவார் எண்டு சொல்லியிருப்பன்.”



உங்களுக்கும் இப்படித்தானே நடந்தது? நீங்கள் எழுதிய மென்பொருளை அண்ணாமார் மேடையில் விளக்குவார்கள். நீங்கள் கீழே லப்டொப்பில் அவர்களுக்குப் படம் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் மேலேறி அவர்களுக்கே நன்றி சொல்வீர்கள். அக்கா நன்றி சொன்னால்தான் கூட்டம் நிறைவாகும் என்று பாராட்டியவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் அஞ்சலிக் கூட்டத்தில்கூடப் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். வந்தவர்களுக்கு நன்றி சொல்ல மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டே போய்ச் சொன்னேன், அப்போதும் அது பிழையாகப் படவில்லை. இந்தப் புத்தி எனக்குள் எப்போது வந்து குந்தியது?

இன்று காலை ரவி அண்ணாவிடம் போனேன்.

“நோட்டீஸ் எல்லாருக்கும் போயிட்டுது. இனி மாத்தேலாது, தங்கச்சி.”

“ஏலும் அண்ணா. உங்கட பேச்சைப் பாதியாக்கி மிச்ச நேரத்தை அவளுக்கு விடுங்கோ. நன்றியுரையையும் நீங்களே சொல்லுங்கோ.”

“ஐயோ, எனக்கு உது சரிவராது!”

எங்களுக்கு மட்டும் பிறக்கும்போதே வந்ததா என்று கேட்டேன். முறைத்துப் பார்த்தார். பிறகு ஓம் என்றார். துளசிக்கு எடுத்துச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

ஏனென்றால், உங்களுக்கு மேடையில் பேச விருப்பம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது அக்கா. இத்தனை வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம். மத்தியானச் சாப்பாட்டைப் பங்கிட்டோம். மழை நாட்களில் என்னை உங்கள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து வீட்டில் விட்டீர்கள். இதை ஒருநாளாவது கேட்டேனா?

இனி எந்தப் பிள்ளைக்கும் அவளைக் கேட்காமல் நான் முடிவெடுக்க மாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு. உங்களிடம்தான் இனிக் கேட்கவே முடியாது.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
மதி