நான் உருவிப் போட்ட அட்டைத் துண்டு

என்னங்க,

மகளைப் பார்க்கக் கிளம்பிட்டேன். தூங்கட்டும்னு உங்களை எழுப்பலை. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க.

ரம்ப மிஷினை நேரா செட் பண்ண ஒரு அளவுக் கருவி வேணும்னு நேத்து நீங்க சொன்னதும், "பேரப்பிள்ளைக்குத் தொட்டில் செய்ய மயிரிழைக் கணக்கா? ராக்கெட்டா விடப்போறீங்க?"ன்னு கேட்டுட்டேன். அப்போலேர்ந்து நீங்க என்கிட்ட பேசலை.

உண்மையைச் சொல்லிடறேன். போன வாரம் ரம்ப மேசையைத் துடைக்கும்போது, பலகையை அணைச்சுத் தள்ளுற தடுப்புக் கட்டைக்குப் பின்னால மடிச்சுச் செருகியிருந்த அட்டைத் துண்டைக் குப்பைன்னு உருவிப் போட்டுட்டேன். எப்போவோ நீங்களே வெச்சு மறந்தது போல. அது இல்லாம தடுப்பு கோணி, பலகை பிளேடுல சிக்கி, எகிறி வந்து உங்க வயித்துல அடிச்ச பிறகுதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. நீங்களோ, "என் கண்ணு போச்சு, இனி கண்ணளவை நம்பித் தச்சு வேலை செய்ய முடியாது"னு உட்கார்ந்துட்டீங்க. அப்பவும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லை. அட்டையைத் தேடி எடுத்து இந்தச் சீட்டோட வெச்சிருக்கேன். எத்தனை மடிப்பு, எந்தப் பக்கம்னு தெரியலை. கருவியை வாங்கிடுங்க. நான் துடைக்கிற வீட்டுல அட்டையை நம்ப முடியாது.

பி.கு: அது வர்ற வரைக்கும் மிஷினைத் தொடாதீங்க. தொடுவீங்க, தெரியும். அங்கேர்ந்து நான் என்ன செய்ய முடியும்?

பதினோரு மணிக்கு ஃபோன் பண்றேன். எடுக்கலைன்னா, கோபமா, அடிபட்டுக் கிடக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? கோபமாவே இருங்க. எடுத்து ஒரு "ம்" மட்டும் சொல்லிட்டு வெச்சிடுங்க.