பயணம் போனவர்களுக்கான ஜெபம்

அன்பு மருமகள் இரீனிக்கு, குவைத்திலிருந்து உன் மாமியார் மர்சீலா எழுதுவது. இயேசுவின் சமாதானம் உன்னோடும் என் பேத்தியோடும் இருக்கட்டும். முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சமையல் இல்லாவிட்டால் நான் வேலை செய்யும் இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

வனீஸ் இத்தாலிக்குப் படகேறிய நாள் முதல், பயணம் போனவர்களுக்காகக் கோயிலில் காலையில் செய்யும் ஜெபத்துக்குப் போகிறேன். நேற்று கோயில் கூட்டுகிற திமியானா, "அத்தே, உங்க மகன்கிட்டருந்து இன்னும் சேதியே இல்லையே. இனிமே சாயங்காலம் வாங்களேன்" என்றாள். சாயங்காலம் செய்வது செத்தவர்களுக்கான ஜெபம். "என் புள்ளைக்கு நேரம் குறிக்க நீ யாருடி? விளக்குமாத்தத் தூக்கிட்டு ஓடு!" என்று விரட்டிவிட்டேன். அவள் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனாலும் சாயங்காலம் கால்கள் தானாகப் போயின. "ஆண்டவரே, தண்ணீருக்கு மேலே இருந்தாலும் அடியில் இருந்தாலும் அவன் உம்முடைய கையில்தான்" என்றேன். பயம் அதோடு நின்றது. அழுகைதான் நிற்கவில்லை.

வெயிலில் புளிக்கவைத்த நம் ரொட்டியை, காய்ந்ததானாலும், யாரிடமாவது கொடுத்தனுப்பு. எஜமானி கூப்பிடுகிறாள். ஊரார் என்ன சொன்னாலும் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தாதே. நான் இரண்டு ஜெபத்துக்கும் போகிறேன். நீ காலை ஜெபத்துக்கு மட்டும் போ.