கிள்ளானில் காய்ந்த மலைக்காப்பி

அக்கா,

இன்று காலை கிள்ளான் வீட்டின் கதவைத் திறந்ததும் பழுத்த பலாப்பழ வாசனை. இந்தப் பருவத்துக் காப்பிப் பழங்கள் வாசல் சிமெண்டுத் தரையில் காய்கின்றன. என் கார் வழக்கம்போல் தெருவில் நிற்கிறது.

அம்பாங்கைத் தாண்டி ஏறும் மலைச்சாலையோரம் மாமாவும் நீங்களும் நட்ட, பலா மணக்கும் லிபெரிக்கா காப்பி மரங்களின் பழம் இது. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் மரம். கிளையைக் கொக்கிக் கழியால் வளைத்துத்தான் பறிக்க வேண்டும். மலையில் மதியமானால் மழை பிடித்துக்கொள்ளும். அதனால் மூட்டைகள் லோரியில் இறங்கி என் வாசலுக்கு வரும், நீங்களும் கூடவே வந்து பழம் காயும்வரை தங்குவீர்கள். வெயில் நகரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்திருப்பேன். "பழத்துக்குக் கோடு தெரியுமாடா?" என்று கேட்டுக்கொண்டே, கோட்டை மீறாமல் பரப்புவீர்கள்.

மாமா போன பிறகு உங்கள் மகன் குமரன் மரங்களை வெட்டிவிட்டு நல்ல விலை போகும் டுரியான் பழமரம் போடுவதென்று முடிவு செய்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. சுற்றியிருந்த சரிவுகளெல்லாம் டுரியானாக மாறிக்கொண்டிருந்தன. நம் காப்பியைக் கேட்பாரில்லை. ஒரே ஒரு பருவம் பொறுக்கச் சொல்லிக் கேட்டீர்கள். நிலையாக வாங்க ஒருவர் கிடைத்தால் மரம் நிற்கும், இல்லையென்றால் ரம்பம் வரும் என்று பேச்சு.

அந்தப் பருவத்தில்தானா மண் சரிந்து சாலை அடைபட வேண்டும்? பறித்த பழம் கொட்டகையில் மூட்டையாகவே கிடந்து புளித்தது. ஒருவழியாக லோரி வந்தபோது சாக்குகளிலிருந்து சாறு ஒழுகியது. தெருவெல்லாம் நெடி. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்தவில்லை, கிட்டே வந்தார்.

"அங்கிள், ரிட்டையர் ஆயி சாராயம் காய்ச்ச ஆரம்பிச்சிட்டீங்களா? எனக்கும் ஒரு போத்தல் வைங்க லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்ததையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, கெட்டுவிட்டது, கொட்டிவிடலாம் என்றேன். நீங்கள் ஒரு பழத்தை வாயில் போட்டு மென்று பார்த்தீர்கள். உங்களுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கெட்டிருந்தா வறுக்கும்போது அதுவே சொல்லும். நீ ஏன்டா முந்திக்கிற?"

காய வைத்தோம். கடைகளில் செய்வதுபோல் சீனியும் மார்ஜரினும் சேர்க்காமல் வெறும் இரும்புச்சட்டியில் வறுத்தீர்கள். வாசனையில் வேறுபாடு இருந்தது. நல்லதா என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பிரிக்பீல்ட்ஸில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனப் பெண்மணி குடித்துப் பார்க்கச் சம்மதித்தார். ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமென்று என்னை இழுத்துப்போனீர்கள். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்துவிட்டு, இதில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன், அவர் நம்பவில்லை. எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியவில்லை, மண் சரிந்ததிலிருந்து சாராய நெடி வரை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை.

விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன், அடுத்த பருவமும் எனக்கே, ஆனால் இதே மாதிரி இருக்க வேண்டும் என்றார். உங்களிடம் தமிழில் சொன்னேன்.

"அப்ப வருஷா வருஷம் ரோடு சரியணுமாடா?"

அதை நான் மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வெளியே வந்து நீங்கள் நடந்த நடையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நேராக வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, மூன்று முறை ரசம் கேட்டு வாங்கினீர்கள். அன்று மாலையே குமரன் ரம்பக்காரர்களைத் திருப்பி அனுப்பினான். "மரம் நிக்கட்டும்மா. ஆனா அடுத்த தடவ மூட்டைய கிள்ளான் மாமா வீட்டுலயே புளிக்க வைங்க" என்றான்.

நீங்கள் இல்லாமல் வரும் இரண்டாவது பருவம் இது. மரங்கள் நிற்கின்றன. காப்பிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமென்று கடைக்கார அம்மாள் கேட்டபோது குமரன் மலையின் பெயரைச் சொன்னான். எதற்கும் அடம்பிடித்து அறியாத நான், உங்கள் பெயர்தான் என்று பிடிவாதமாக நின்றேன். இப்போது அது கடைச்சுவர்ப் பலகையில் இருக்கிறது.

அக்காவைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் வீட்டில் வழக்கமில்லை. இந்த வயதுவரை அந்தப் பெயர் என் வாயில் வந்ததேயில்லை. இப்போது கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி அந்தக் கடைக்குப் போய், கூட்டத்தின் நடுவில் நின்று, கடைசி மேசைக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொல்லி ஒரு காப்பி கேட்கிறேன்.