பரீட்சைக்கு வைத்த பல்

என் பிரியமுள்ள மச்சான் மாணிக்கத்துக்கு,

உன் அக்கா இன்று என்னோடு பேசினாள். நீ போனதிலிருந்து சாப்பாட்டுத் தட்டை வைப்பாள், போய்விடுவாள். இன்று பேசினாள். இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

கல்கத்தாவில் பல் வைத்தியம் படித்துக் கப்பலில் வந்து, நம் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையில் நான் பெயர்ப் பலகை மாட்டியபோது, முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்தவன் நீ. பிறகு புதுச் சட்டம் வந்தது. கல்கத்தாப் பட்டம் மட்டும் போதாது, துரைமார் முன் பரீட்சையில் தேறினால்தான் லைசென்ஸ் என்றார்கள். எழுத வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், கடைசியில் அவர்கள் கண்ணெதிரே ஒருவரின் சொத்தைப் பல்லைக் குடைந்து அடைத்துக் காட்ட வேண்டும். அந்த ஆளை நாமே கூட்டிப்போக வேண்டும். அதுவரை யார் வாயிலும் கை வைக்கக் கூடாது. பலகையைக் கழற்றினேன்.

அப்போதுதான் உன் கடைவாய்ப் பல்லைக் காட்டினாய்.

"அளவான சொத்தை மச்சான். துரைக்குக் காட்ட இதையே வச்சுக்குவோம்."

பரீட்சை நடத்த வேண்டிய துரை லீவில் சீமைக்குக் கப்பலேறினார். தேதி தள்ளிப்போனது. திரும்பி வந்தார், மறுபடியும் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரியில் பிடுங்கிக்கொள் என்று எத்தனை முறை சொன்னேன்? "ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுறவனுக்கு இதெல்லாம் ஒரு வலியா? வலிக்கவே இல்ல மச்சான்" என்று சிரித்தாய். நம்பினேன்.

ஒரு நாள் கிள்ளானிலிருந்து வந்த ரயில் எஞ்சினிலிருந்து உன்னைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கழுத்துவரை வீக்கம். வாய் திறக்கவில்லை. ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பல்லிடுக்கால் முனகினாய்: "புடுங்கிட்டா... பரீட்சைக்கு யாரு வருவா?" அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. டாக்டர் கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தும் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. பல் வைத்தியம் படித்தவன் வராந்தாவில் நின்றேன்.

பரீட்சைக்குப் போவதில்லை என்றிருந்தேன். உன்னோடு எஞ்சினில் நின்ற வீராசாமி வாசலில் வந்து நின்றான். "எனக்கும் ஒரு சொத்தை இருக்குண்ணே. கெளம்புங்க. அவன் ஆசைப்பட்டது." போனேன். கை நடுங்கவில்லை, மாணிக்கம். அதற்காக என்னையே வெறுத்தேன். தேறிவிட்டேன். லைசென்ஸ் வந்தது. பலகையை எடுக்க மனமில்லை.

இன்று காலை உன் அக்கா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பிக்குக் கிராம்புத் தைலம் குடுத்துக்கிட்டே இருந்தது நாந்தான். பஞ்சுல நனைச்சுக் கடிச்சுக்கிட்டுதான் வேலைக்குப் போனான். மச்சான்கிட்ட சொல்லாதக்கான்னான். நானும் சொல்லல. நீங்க பாஸாகணும்னு இருந்தேங்க."

இத்தனை நாளும் அவள் என்னைத்தான் வெறுக்கிறாள் என்றிருந்தேன். அவள் பேரில் தப்பில்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. எனக்கே நான் அதைச் சொல்லிக்கொள்ள முடியாதபோது, அவள் எப்படி நம்புவாள்?

பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பலகைய மாட்டுங்க. வலியோட ஆளுங்க வந்து பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க" என்றாள். ஸ்டூலை அவளே பிடித்துக்கொண்டாள். மாட்டினேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். வலிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டு எவன் வந்தாலும், அவன் வாயைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

உன் அக்காவைக் கட்டிய,
உன் மச்சான் சிவலிங்கம்