மாடிக்கு இழுத்த டெலிபோன் கம்பி

நேற்று மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் என் ஆட்டோ நகர முடியாமல் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரியிலிருந்து சுக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிழிந்த சாக்கிலிருந்து வந்த காரமான நெடி மூக்கில் ஏறியதுமே என்னை அறியாமல் தலையைத் திருப்பி மேலே பார்த்தேன். உன் புக்ககத்து வீடு. உன் மாமனாரின் மிளகுக் கடை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. வாசலில் 'வைஃபை இலவசம்' என்று ஒரு பலகை. நீ மாதக்கணக்கில் படுத்திருந்த மாடி அறையின் ஜன்னலில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் துவாலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

நீ போன செய்தி வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "எந்தா சேச்சி, சுகமில்லையோ?" என்றார். "சுக்கு நெடி" என்றேன்.

எண்பதுகளின் பிற்பாதி அது. நான் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய குளிர் அறை. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அந்த அறையைப் பார்க்க வருவதே குளிரை அனுபவிக்கத்தான். நீ அங்கே ஆராய்ச்சி மாணவி, ஹாஸ்டலில் என்னோடு இருந்தவள். கடல் நீர் காயலுக்குள் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது, எந்த மாதத்தில் எந்த வயலை உப்பாக்குகிறது என்பது எங்கள் கம்ப்யூட்டரில் நீ போட்டுவந்த கணக்கு. கும்பளங்கி வரப்பில் முழங்கால் வரை சேற்றில் நின்று அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்த உன்னைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் சிரித்ததை நீயே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய். "வெள்ளத்தை அளந்து எங்கேடி கொண்டு போகப் போறேன்னு கேக்கறா" என்பாய். உனக்கு அதில் பெருமைதான்.

கல்யாணம் ஆகி மட்டாஞ்சேரிக்கு வந்தாய். ஒரு குழந்தை தங்கவில்லை. அடுத்தது உண்டானபோது டாக்டரம்மா, பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். உன் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்த காலமோ முடியப்போகிறது. நீட்டிக்க வழியில்லை என்று பல்கலைக்கழக ஆபீஸில் கைவிரித்துவிட்டார்கள். நான் பார்க்க வந்தபோது நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாய். "குட்டியா கணக்கான்னு கேக்கறா எல்லாரும். எனக்கு ரெண்டும் வேணும்டி. அது அத்தனை பெரிய ஆசையா?" என்றாய்.

மையத்தின் ஸ்டோரில் யாரும் தொடாமல் கிடந்த பெட்டி ஒன்று என் ஞாபகத்துக்கு வந்தது அப்போதுதான். டெலிபோன் ரிசீவரைக் கவிழ்த்துப் பொருத்த இரண்டு ரப்பர் குழிகள். ரிசீவர் வழியாக மெஷினும் மெஷினும் விசிலடித்துப் பேசிக்கொள்ளும். தூரத்தில் இருக்கும் திரையையும் கீபோர்டையும் எங்கள் கம்ப்யூட்டரோடு அதைக்கொண்டு இணைக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. செய்து பார்த்தவர் யாருமில்லை. பெட்டியையும் ஒரு திரையையும் கீபோர்டையும் வெளியே எடுத்துப்போக மையத்தின் தலைவர் கையெழுத்துப் போட்டார். உன் வீட்டில் டெலிபோன் இருந்தது, கீழே கடையில், மிளகு விலைக்காக. அதிலிருந்து மாடிக்கு ஒரு கம்பி இழுத்து உன் கட்டிலருகே இன்னொரு போன் வைக்க உன் மாமனாரைக் கேட்க வேண்டும்.

அவர் மறுப்பார் என்று நானும் உன் கணவரும் பயந்துகொண்டு நின்றோம். அவர் விபூதியைச் சரிசெய்துகொண்டு, "மத்தியானம் கடை அடைச்சா அது சும்மாத்தானே கெடக்கறது. இழுத்துக்கோ" என்றார். முதல் நாள் அந்த விசில் கேட்டபோது மேல்துண்டோடு மாடியேறி வந்துவிட்டார். நீ எதையோ அடித்தாய். சற்று நேரம் கழித்து, திரையில் ஒவ்வொரு எழுத்தாக அவருடைய பெயர் வந்தது. அந்தப் பெயர் இங்கிருந்து எங்கள் மெஷினுக்குப் போய்த் திரும்பி வருகிறது என்று நீ விளக்கினாய். "எர்ணாகுளம் தாண்டிப் போயிட்டு வந்திருக்கா என் பேர்?" என்று கேட்டார். மறுநாள் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

உன் மாமியாருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "இந்தக் குந்தம் பிடிச்ச மெஷினைக் கட்டில்கிட்ட வெச்சுண்டு என்ன ஓய்வு?" என்று ஒவ்வொரு தடவை சாயா கொண்டுவரும்போதும் சொல்வார். ஆனால் அந்த மேஜையைக் கட்டிலோடு ஒட்டி நகர்த்தி, உனக்கு முதுகு வலிக்காமல் தலையணையை அடுக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பிறகு தினமும் மதியம் நான் சாப்பாட்டை முடித்துவிட்டு மெஷின் அறையில் உட்கார்ந்திருப்பேன். என் திரையில் நீ வருவாய். ஆங்கில எழுத்தில் நம் தமிழை அடித்துக்கொள்வோம். 'என்ன சாப்பிட்டே?' 'கப்பைக் கிழங்கு. மாமிக்குத் தெரியாமல்.' அதற்குள் மழைக்காலம் வந்தது. கம்பி நனைந்தால் உன் எழுத்துக்களுக்கு நடுவே புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குப்பை விழும். இணைப்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கும் அதோடு செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன் கடைசிக் கணக்கு, எல்லா மாதங்களையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய கணக்கு, அந்த வாரம் முழுக்க பாதி வழியிலேயே அறுந்துகொண்டிருந்தது. 'இன்னிக்காவது முடியணும்' என்று அடிப்பாய். 'முடியும்' என்று நான் அடிப்பேன்.

அன்று மழை சத்தம் எங்கள் குளிர் அறைக்குள்ளேயே கேட்டது. உன் கணவர் ஆபீஸுக்கும், வீட்டில் மற்றவர்கள் எர்ணாகுளத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் போயிருந்தார்கள். சமையல் மாமியும் உனக்குச் சாதம் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போயிருந்தார். கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் வேறொருவருக்கு அச்செடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், என் திரையில் ஒரு வரி.

'ரத்தம் வருது. ஆத்துல யாரும் இல்லை.'

'அசையாதே. வரச் சொல்றேன்' என்று அடித்தேன். உன் டெலிபோன்தான் இந்த வரியைக் கொண்டுவருகிறது, அதற்குக் கூப்பிட முடியாது. மையத்தின் போனில் உன் கணவரின் ஆபீஸைப் பிடித்தேன். வெல்லிங்டன் ஐலண்டில் கப்பல் கம்பெனி. மூன்று முறை தவறான இடத்துக்குப் போய், கடைசியில் அவர் குரல் வந்தது. நான் சொன்னதைப் பாதி கேட்டதும் ரிசீவரைக் கீழே போட்டுவிட்டார். அது மேஜைக் காலில் இடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

திரும்பி ஓடி வந்து உட்கார்ந்தேன். 'அவர் கிளம்பிட்டார். பேசிண்டே இரு' என்று அடித்தேன். 'சரி' என்று வந்தது. 'வலிக்கறதா?' என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. எத்தனை நேரமோ கழித்து, 'குளிர்றது' என்று வந்தது. உன் எழுத்துக்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. நான் எதை எதையோ அடித்தேன், சுவாமி பெயர்களை, நம் ஹாஸ்டல் வார்டனின் பட்டப்பெயரை, நீ சிரிப்பாய் என்று. கடைசியாக நீ அடித்தது இது: 'கணக்கு முடிஞ்சுடுத்து. அச்செடுத்து வெச்சுடு.' உனக்கு நினைவு தப்புகிறது, என்னென்னவோ சொல்கிறாய் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வரி முழுக்கக் குப்பை எழுத்துக்கள். இணைப்பு போய்விட்டது.

உன் கணவர் உள்ளே நுழைந்து, டாக்டரைக் கூப்பிட ரிசீவரைப் பிடுங்கி எடுத்த நொடி அது என்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அதுவரை நான் அந்தத் திரையின் முன்னால் இருந்தேன். என் வாழ்நாளில் அதைவிடக் கறுப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை.

நீ பிழைத்தாய். பெண் குழந்தை பிழைக்கவில்லை.

உன் மாமனார் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மாடிக் கம்பியைக் கையாலேயே பிய்த்து எறிந்தார் என்று கேள்விப்பட்டேன். பெட்டியைத் திரும்ப எடுத்துப் போக நான் வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாம் என் புத்தி. நான்தானே சரின்னேன்" என்று கல்லாப் பக்கம் திரும்பிச் சொன்னார். உன் மாமியார் வாசலில் நின்று, "அந்த மெஷினோட சூடு வயத்துல இறங்கிடுத்து" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்திலோ நேர்மாறு. தொலைவிலிருந்த ஒரு பெண்ணின் உயிரை எங்கள் இணைப்பு காப்பாற்றியது என்று தலைவர் கூட்டத்தில் பேசினார். ஒரு பத்திரிகைக்காரரை உன்னிடம் அழைத்துவரட்டுமா என்று என்னிடம் கேட்டார்.

அதை உன்னிடம் சொன்னேன். படுத்துக் கிடந்த நீ எழுந்து உட்கார்ந்தாய். "என் குட்டி போச்சு. அதைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை கேட்டாளா? கீழே இருக்கறவாளும் மெஷினைப் பத்திப் பேசறா. உங்க ஆளுகளும் மெஷினைப் பத்தியே பேசறா." அப்புறம் குரலைத் தணித்து, "கதவைச் சாத்து" என்றாய்.

சாத்தினேன்.

"நீ நெனைக்கற மாதிரி இல்லைடி. முன்னாடியே ஆரம்பிச்சுடுத்து. அடிவயிறு பிடிச்சு இழுத்தது. கையை வெச்சுப் பார்த்தேன், ரத்தம். ரிசீவரை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். எடுத்தா கணக்கு போயிடும். வாரம் பூரா அறுந்தது அன்னிக்குத்தான் அறாம ஓடறது. இன்னும் கொஞ்ச நேரம்தானேன்னு காத்திண்டிருந்தேன். முடிஞ்சுதுன்னு வரி வந்தப்புறம்தான் உனக்கு அடிச்சேன்."

"அப்பவாவது போனை எடுத்திருக்கலாமே."

"எடுக்கக் கை வரலை. எடுத்தா டாக்டர் எப்போலேர்ந்துன்னு கேப்பா."

"சாரமில்லைடி" என்றேன். பரவாயில்லை என்று, ஒரு தம்ளர் தண்ணீர் கொட்டிவிட்டால் சொல்கிற வார்த்தை. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வைக்கு இன்றுவரை நான் தகுந்த வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீ காத்திருந்த அந்த நேரம் ஏதாவது வித்தியாசம் செய்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம், யாருக்கோ என்பதுபோல் நான் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாய். "கேக்காதே. இல்லைன்னு சொன்னா நம்ப மாட்டேன். ஆமான்னு சொன்னா இருக்க மாட்டேன்."

நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம், காலத்தை எப்படியோ நீட்டித்துக் கொடுத்தபோது, நீ மறுபடி வந்தாய். தோப்பும்படி பாலம் தாண்டி இரண்டு பஸ் மாறி, பாதி நாள் வழியிலேயே. அன்று அச்செடுத்த தாள்கட்டை எடுத்து நீட்டினேன். நீ சொன்னபடி எடுத்து வைத்திருந்தேன் அல்லவா. நீ அதைத் தொடவில்லை. "எங்கேயாவது கொண்டு போய் எரி" என்றாய். அந்தக் கணக்கையே முதலிலிருந்து, மெஷின் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி ஓடவிட்டாய். ஒரு நாள் மின்சாரம் போய் அது பாதியில் நின்றது. மையத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நீ மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

உனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. பிறகு ஒரு பையன் பிறந்தான். உன் கணவருக்கு மாற்றலாகி விசாகப்பட்டினம் போனீர்கள். அங்கே காலேஜில் பாடம் எடுத்தாய். பண்டிகைக்குப் பண்டிகை போனில் பேசுவாய், பையன் படிப்பு, மூட்டு வலி, இங்கே கலூரில் நான் வாங்கிய ஃப்ளாட்டில் தண்ணீர் வருகிறதா என்பது. அந்த மதியத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் போனை வைக்குமுன் சில சமயம் நீ சும்மா இருப்பாய். நானும் சும்மா இருப்பேன். கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்கும். அப்புறம் "சரிடி, வெக்கறேன்" என்பாய்.

போன மாதம் உன் எண்ணிலிருந்து வந்த அழைப்பில் உன் கணவரின் குரல் இருந்தது. நீ தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று சொன்னார். அவருக்கும் வயதாகிவிட்டது, ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று, "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப வருஷமா நெனைச்சிண்டிருக்கேன்" என்றார். "அன்னிக்குப் போன் அவ பக்கத்துலேயே இருந்ததே. டாக்டரை நேரா கூப்பிடாம உனக்கு எதுக்கு அடிச்சா? அவகிட்ட கேக்க எனக்கு தைரியம் வரலை. உனக்கு ஏதாவது தெரியுமோ?"

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன்.

"அந்தக் காலத்துல மழை பெஞ்சா டயல் டோன் எங்கே கெடைக்கும்? கையில இருக்கற இணைப்பை விட்டா வேற கெடைக்காதுன்னு பயந்திருப்பா" என்றேன். "சமயோசிதமா என்கிட்ட பறஞ்சா. அதனாலதான் பிழைச்சா."

"ஆமாம். ஆமாம், அப்படித்தான் இருக்கும்" என்றார். அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ இருந்தவரை அதைச் சுமக்க இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும்தான். இது உனக்குச் சம்மதமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அன்று அந்த மூடிய கதவுக்குள் 'சாரமில்லை'க்குப் பதில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. சொல்லத் தைரியம் வர இத்தனை வருஷம் பிடித்தது, கேட்க நீ இல்லை. ஆறு நாள் அறுந்து, ஏழாம் நாள் அறாமல் ஓடும் அந்தக் கணக்கின் முன்னால் நான் படுத்திருந்தாலும், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று நானும் காத்திருந்திருப்பேன்டி.