சுவருக்கும் அம்மையா?

அன்புள்ள கலைமதிக்கு,

தோஹாவிலிருந்து வெற்றிசெல்வன் எழுதுவது. நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகம்தான் என்று நேற்றுத்தான் எனக்கு உறுதியானது. சிரிக்காமல் படி.

லீவு முடிந்து கீரமங்கலத்திலிருந்து திரும்பிய திருப்பதி அண்ணன், பாப்பாவின் பிறந்தநாள் வீடியோவைக் கொண்டுவந்தார். நான் அனுப்பிய கேம்கோடரில் உன் தம்பி வசந்த் வீட்டுக்குள் வைத்து எடுத்தது. போட்டுப் பார்த்தால் உன் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. நிலைப்படியில் வேப்பிலை வேறு. உனக்கு அம்மை போட்டிருக்கிறது, நான் பயப்படுவேன் என்று மறைக்கிறாய் என நினைத்துவிட்டேன். அம்மை கண்ட வீட்டில் யாராவது கேக் வெட்டுவார்களா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. அன்று மெஸ்ஸில் கோழி. கவுச்சி ஆகாதே என்று நான் தொடவில்லை.

அண்ணன் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அடேய், பின்னாடி செவுத்தப் பாரு. அதுலயும் புள்ளிதான். செவுத்துக்குமா அம்மை போட்டிருக்கு? வெளிச்சம் பத்தலைன்னா கேமரா இப்படித்தான் எடுக்கும். வேப்பிலை மாரியம்மன் திருவிழாவுக்குத் தெருப்பூராக் கட்டுனதுடா!"

அப்புறம்தான் உயிர் வந்தது. எழுந்து போய் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

இனிமேல் பகலில், வாசலில் வைத்து எடுக்கச் சொல். பாப்பா பக்கத்தில் நீயும் நில். இந்தக் கடிதம் கொண்டுவரும் ரகுநாத் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. அவன் பெட்டியோடு நின்று அவசரப்படுத்துகிறான்.

ஒன்று மட்டும். வீடியோ முடிகிற இடத்தில், கேமரா ஓடுவது தெரியாமல் வசந்திடம் கேட்கிறாய்: "அவுகளுக்கு என் மூஞ்சி தெரியுமாடா?"

தெரிந்தது, கலை. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்
வெற்றி