வீட்டில் இருப்பவர் நம்பர்

கரிக்கலாம்பாக்கம்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், என் முழங்கால் மட்டும் நலம் என்று சொல்ல மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் புகழும் பிரான்சு தேசத்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க நம் அங்காளம்மன் துணை இருக்கட்டும். போன் இருக்கும்போது இந்த அப்பா எதற்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பிப்பதற்குள் உன் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடுகிறது, இல்லையென்றால் புகழ் அழுகிறான், அப்புறம் பேசறேம்பா என்று வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை, வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரில் அறுப்பு முடிந்துவிட்டது. நம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த பிள்ளை நல்ல மாதிரி, மிஷினைக் கொண்டுவந்து ஒரே பகலில் அறுத்து மூட்டை பிடித்துவிட்டான், நான் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. நம் கொல்லைக்கு மேற்கே இருந்த நிலத்தையும் மனை போட்டுவிட்டார்கள், வெள்ளைக் கல் நட்டு மூலைக்கு மூலை கலர் கொடி கட்டியிருக்கிறார்கள், வாங்குவதற்கு ஆள்தான் வரவில்லை, மாடுகூட அந்தப் பக்கம் போவதில்லை. எதிர்வீட்டுக் கனகாம்பாளுக்கு இடுப்பு வலி தேவலை. பொங்கலன்றைக்கு அவள்தான் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒருத்தனுக்காகப் பானை வைக்கவில்லை. போனில் நீ கேட்டபோது வைத்தேன் என்று சொன்னேன், அது பொய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் லீவு கிடைத்திருக்கிறது, மூன்று பேரும் வருகிறோம் என்று நீ சொன்னதும் எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை. பஞ்சுக்காரனைக் கூப்பிட்டு மெத்தையை அடித்துத் தைக்கச் சொன்னேன், மேற்குப் பக்கத்து அறைக்கு வெள்ளையடித்தேன், புகழ் உட்கார வசதியாக உயரமான கக்கூஸ் வைத்து டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை நீ மெதுவாக ஆரம்பித்தாய். ராத்திரிக்கு வூட்ல தங்கலப்பா, கிருமாம்பாக்கம் தாண்டி பீச்சாண்ட கவர்மென்ட்டே டென்ட்டு போட எடம் வுட்டிருக்காங்களாம், அங்க தங்கிக்கிறோம், புகழுக்கு டென்ட்டுன்னா உசுரு, பகல்ல உன்னாண்ட வந்து போறோம் என்றாய். நான் சரிம்மா உன் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் எனக்கு வலித்தது, வெண்ணிலா. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெற்ற மகள் கடல் தாண்டி வருகிறாள், அப்பன் வீடு திறந்து கிடக்கிறது, அவள் சவுக்குத் தோப்பில் போய்ப் படுக்கிறாள் என்றால் ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஊர் பேசுவதாவது போகட்டும் என்று விட்டுவிடலாம், அந்த வெள்ளையடித்த அறையின் கதவைச் சாத்திவிட்டுத்தான் நடமாடினேன்.

சரி, அது என்ன இடம் என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். உள்ளதைச் சொன்னால், குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். பாம்பு இருக்கிறது, தண்ணீர் உப்பு, குடிகாரன் தொல்லை என்று ஏதாவது ஒன்று கிடைத்தால் உன்னைத் தடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதாது, படுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று தலையணை, போர்வை, டார்ச்சு, சொம்பு, புளிச்சோறு, ஊறுகாய் எல்லாம் கட்டி டிவிஎஸ் வண்டியில் வைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கனகாம்பாளிடம் கொடுத்தேன். எங்க அண்ணே மூட்டையோட என்று கேட்டாள். பீச்சுக்கு என்றேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

இடம் பாகூர் வழியாகப் போனால் கிட்டத்தில்தான். சவுக்குத் தோப்புக்குள் முள்வேலி போட்டு, ஒரு குழாய், ஒரு கைப்பம்பு, ஆணுக்குப் பெண்ணுக்குத் தனித்தனியாகக் கக்கூஸ், சமைப்பதற்குச் சிமென்ட் அடுப்பு, அவ்வளவுதான். அங்கே அரிகரன் என்று ஒரு பிள்ளை பார்த்துக்கொள்கிறான். என் ஆதாரை வாங்கிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் ஆதாரைப் பார்த்தான். கரிக்கலாம்பாக்கமா, வண்டிய முறுக்குனா சாப்பாட்டுக்கு வூட்டுக்கே போயிடலாமே பெரியவரே, இங்க எதுக்கு படுக்கிறீங்க, வூட்ல எதுனா பிரச்சனையா என்றான். பிரச்சனை ஒன்றும் இல்லை, சும்மா தங்கிப் பார்க்க வந்தேன் என்றேன். அவன் நம்பவில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை, நம் பக்கத்தில் ஒரு கிழவன் பக்கத்து ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு வெளியே போய்ப் படுத்தான் என்றால் கோபித்துக்கொண்டு வந்தவனாகத்தானே இருப்பான். சரி, வூட்ல இருக்கறவங்க நம்பர் ஒண்ணு குடுங்க, எல்லாரும் குடுக்கணும், ராத்திரில உடம்புக்கு ஒண்ணுன்னா கூப்பிட வேணும்ல என்றான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டில் இருப்பவர் என்று யார் நம்பரைக் கொடுப்பேன் சொல். உன் நம்பரைக் கொடுத்தால் அவன் போன் போடும்போது நீ ஆபீசில் இருப்பாய். கடைசியில் உன் வீரப்பன் மாமா நம்பரைக் கொடுத்தேன்.

டென்ட்டு என்றால் நான் நம் கல்யாணப் பந்தல் மாதிரி நினைத்துக்கொண்டு போனேன். இது கோழிக்கூண்டு. முட்டி போட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வரும்போது சிமென்ட் அடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றேன். அதிலும் அரிகரன் தலைமாடு வடக்கே வருகிற மாதிரி போட்டு வைத்திருந்தான். வடக்கே தலை வைத்து என்னைப் படுக்கச் சொல்றியா, நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டியவன் என்று சத்தம் போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே முளையைப் பிடுங்கி, கிழக்கே தலை வருகிற மாதிரி மாற்றி அடித்துக் கொடுத்தான். பக்கத்தில் விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்த அப்பன் முளை அடிக்க, புகழ் வயசில் ஒரு பெண் குழந்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் அம்மா எனக்கு ஒரு தட்டில் நூடுல்ஸ் கொடுத்தாள், நான் ஊறுகாய் கொடுத்தேன். தாத்தா நீங்க மட்டுமா வந்தீங்க என்று அந்தக் குழந்தை கேட்டது. ஆமாம் கண்ணு என்றேன். உங்க பாப்பா எங்க என்றது. தூரத்தில் இருக்கிறாள், வருவாள் என்றேன். அது போய்விட்டது, நான் கடலைப் பார்த்துக்கொண்டே புளிச்சோற்றைச் சாப்பிட்டேன், சோற்றில் மணல் கடித்தது.

காலையில் நான் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. வீரப்பன் இறங்கினான், மகாலட்சுமி அத்தை பிளாஸ்க்கோடு இறங்கினாள், பின்னாலேயே நம் தெரு நடேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நடேசன் எதற்கு வருவார் என்று உனக்குத் தெரியும், மாமியார் மருமகள் சண்டையிலிருந்து வரப்புச் சண்டை வரைக்கும் அவர் வந்து உட்காராமல் தீராது. நடந்தது இதுதான், அரிகரன் எனக்குத் தெரியாமல் வீரப்பனுக்குப் போன் போட்டு, உங்க பெரியவரு கோவிச்சிகினு வந்துட்டாரு போல, வந்து சமாதானம் பண்ணி கூட்டினு போங்க என்று சொல்லியிருக்கிறான். இன்னா மாமா இது, வூட்ட வுட்டுட்டு இங்க வந்து படுத்துகினு இருக்கீங்க, ஆரு இன்னா சொன்னாங்க என்று வீரப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நடேசன் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து வழக்கமாகச் சொல்வதை ஆரம்பித்தார். குடும்பம்னா நாலும் இருக்கும் கண்ணையா, நான் ரெண்டு பக்கமும் கேட்டுட்டுதான் பேசுவேன், மொதல்ல நீ சொல்லு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. மொதல்ல அந்தப் பக்கத்த கேட்டுட்டு வா நடேசா, வூட்ல போயி ஆரு இருக்காங்கன்னு பாரு, சண்ட போடறதுக்குன்னா ஒரு ஆளு வேணாமா என்றேன்.

நடேசன் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். மகாலட்சுமி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள், உன் அம்மாவை நினைத்துத்தான். வேடிக்கையாகத்தான் சொன்னேன், அது அப்படிப் போய் முடிந்துவிட்டது. அப்புறம் நீ மாசியில் வருவதையும், இங்கே தங்கப் போவதையும், நான் இடம் பார்க்க வந்ததையும் சொன்னேன். வீரப்பனுக்கு வந்ததே கோபம். தாய்மாமன் நான் இருக்கேன், என் வூடு இருக்குது, அவ இங்க வந்து படுப்பாளா, இப்பவே போன் போடறேன் என்று போனை எடுத்தான். போட்டால் அப்புறம் நீ என் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் கேட்பான், நான் கோபக்காரன் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் கூப்பிட்டு ஏதாவது கத்தினால் நீ மனசில் வைத்துக்கொள்ளாதே, பாசத்தில் பேசுகிறவன்.

அவனை நான் ஏன் தடுத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். அந்தக் கோழிக்கூண்டில் நான் நன்றாகத் தூங்கினேன் வெண்ணிலா. படுத்ததும் தெரியவில்லை, விடிந்ததும் தெரியவில்லை, வெயில் துணி மேல் விழுந்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். உன் அம்மா தனக்கொடி போன பிறகு நான் அப்படித் தூங்கியதே இல்லை. வீட்டில் நான் அறையில் படுப்பதில்லை, கூடத்தில் டிவியைப் போட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்து விடுகிறேன். அவள் கட்டிலை எடுக்கவும் மனசு வரவில்லை, அதன் பக்கத்தில் படுக்கவும் முடியவில்லை. போனில் நீ தூங்கினாயாப்பா என்று கேட்கும்போதெல்லாம் தூங்கினேம்மா என்று சொல்லிவந்தேன். மகாலட்சுமி கொண்டுவந்த காபியைக் குடித்துக்கொண்டே இதை யோசித்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது. அம்மா காரியத்துக்கு நீ வந்திருந்தபோது ஒரு நாள்கூட அறைக்குள் படுக்கவில்லை, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கூடத்தில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாய். பிளேனுக்கு அவசரப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். புகழ் எங்கே போட்டாலும் தூங்குகிற குழந்தை, அவனுக்காக டென்ட்டு என்று நீ சொன்னது அப்பா மனசு நோகக்கூடாது என்று சொன்னது, இல்லையா. அந்த வீட்டில் உன்னால் தூங்க முடியாது. என்னாலும் முடியவில்லை. இரண்டு பேரும் இதை மறைத்துக்கொண்டு அங்கே குளிரா, இங்கே மழையா என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதனால் நீ தாராளமாக அங்கேயே தங்கு. நான் பார்த்த மட்டில் பாம்பு இல்லை, நண்டுதான் செருப்புக்குள் போய் உட்காருகிறது, காலையில் தட்டிவிட்டுப் போட்டுக்கொள். குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், குடிப்பதற்கு நான் வீட்டுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவருகிறேன். மாசியில் விடியற்காலைப் பனி அதிகம், புகழுக்குக் காதை மூடுகிற குல்லா கொண்டுவா, அங்கே உள்ள கனமான கோட்டெல்லாம் வேண்டாம். கொசுவுக்குத் தேங்காய் நார்ப் புகை போடலாம், வேப்பிலையும் நான் எடுத்துவருகிறேன். கடலில் மட்டும் இறங்க விடாதே, மாப்பிள்ளை எவ்வளவு நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் சரி, அந்த இடத்தில் அலை உள்ளே இழுக்கும். உனக்குத் தலைமாடு கிழக்கே வருகிற மாதிரிதான் போட வேண்டும் என்று அரிகரனிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு நாள் மத்தியானம் மட்டும் வீட்டுக்கு வா. அம்மா படத்துக்கு ஒரு விளக்கு ஏற்று, கனகாம்பாளை வைத்து வஞ்சிர மீன் குழம்பு வைக்கிறேன், சாப்பிடு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடு. இருந்துவிட்டுப் போ என்று நான் கேட்க மாட்டேன். அந்த மேற்குப் பக்கத்து அறையில் புகழ் ஒரு மத்தியானம் தூங்கினால் போதும், வெள்ளையடித்தது வீண் போகாது.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். புகழின் இரண்டு கன்னத்திலும் எனக்காக ஒவ்வொரு முத்தம் கொடு. நீ வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறும் காலோடு நடக்காதே, எல்லாரும் நல்லபடியாக வந்து சேர அம்மன் காப்பாற்றட்டும். பிளேன் என்றைக்கு இறங்குகிறது என்பதை வீரப்பனிடமும் சொல்லிவிடு, காரை நான்தான் எடுத்துக்கொண்டு வருவேன் என்று அவன் இப்போதே சொல்கிறான்.

இன்னொன்று, சொல்ல மறந்துவிட்டேன். கிளம்பும்போது மாசிக்கு உன் டென்ட்டுக்கு இடம் சொன்னேன், அதன் பக்கத்திலேயே எனக்கும் ஒரு கோழிக்கூண்டு சொல்லிவிட்டேன். முழங்காலைப் பற்றி நீ கவலைப்படாதே, பிடித்து எழ மாப்பிள்ளை இருப்பார். அரிகரன் மறுபடியும் வீட்டில் இருப்பவர் நம்பர் கேட்டான். வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் அன்றைக்கு இங்கேதான் இருப்போம் தம்பி, நம்பர் வேண்டாம் என்றேன்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா
தா. கண்ணையன்